இலை போட்டாயிற்று, வாருங்கள்

தியானப் பகுதி: லூக்கா 14:7–24



பௌர்ணமி இரவில் நம் ஊர் உணவகம் ஒன்றுக்குள் நுழைந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதே. உண்கிறவர் ஒவ்வொருவரின் நாற்காலிக்குப் பின்னாலும் இன்னொருவர் நிற்பார். முன்னவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று பின்னவரின் கண் இலையையே நோக்கிக்கொண்டிருக்கும். இலையை மடித்து அவர் எழுவதற்குள் இவருடைய பை நாற்காலியில் விழுந்துவிடும். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடந்து வந்த கால்கள் அவை. இதில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. முந்தியவருக்கு நாற்காலி, அவ்வளவுதான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இந்த ஊரின் சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்துத்தானோ என்று நான் நினைத்ததுண்டு.

தங்கும் அறைக்கு முன்பதிவு செய்வது நமக்குப் புதிதல்ல. கார்த்திகைத் தீபத்துக்குப் பல மாதங்கள் முன்பே விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. ஆனால் ஒருவேளைச் சாப்பாட்டுக்காக நாற்காலியை முன்கூட்டியே எழுதிவைப்பது பெருநகரத்தாரின் வழக்கம். சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பிறந்தநாளோ திருமண நாளோ வந்தால், பல நாள் முன்பே கைபேசியில் உணவகத்தைத் தேடி, இத்தனை பேர், இந்த நேரம் என்று குறித்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் மேஜை அவர்களுடையது. கால் மணி நேரம் தாமதித்தால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

இந்த வழக்கத்தை வீண் பகட்டு என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பெங்களூருவின் பழைய சைவ உணவகங்களில் ஒரு எளிய முறை உண்டு. 1924இல் தொடங்கி, இப்போது லால்பாக் சாலையில் நடந்துவரும் எம்.டி.ஆர். உணவகத்திலும், காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனிலும் கூட்டம் மிகுந்த நாளில் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் கூப்பிடப்படும்போது உள்ளே போகலாம். செல்வரும் காத்திருப்பார், மாணவரும் காத்திருப்பார். நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒருவருடைய வாயைப் பார்ப்பதைவிட இது கண்ணியமானது அல்லவா?

கணினி வந்தபிறகு, வாசலில் நின்று கொடுத்த பெயரை வீட்டிலிருந்தே கொடுக்க முடிந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1998இல் ஓபன்டேபிள் என்ற நிறுவனம் இதற்கென்றே தொடங்கப்பட்டது. நம் நாட்டில் 2012இல் டைன்அவுட் வந்தது. பின்னர், 2022இல், அதை ஸ்விகி வாங்கிக்கொண்டது. வசதி பெருகப் பெருக மேஜையின் விலையும் ஏறியது. ஸ்பெயின் நாட்டில் எல் புல்லி என்றொரு உணவகம் இருந்தது, 2011இல் மூடப்பட்டது. ஒரு பருவத்தில் அங்கே சுமார் 8,000 பேர் உண்ணலாம். இடம் கேட்டு வந்த விண்ணப்பங்களோ இருபது லட்சம் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டில் சிகாகோவில் நெக்ஸ்ட் என்ற உணவகம், நாடகக் கொட்டகையைப்போல, சாப்பாட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சீட்டு விற்கத் தொடங்கியது. நியூயார்க்கில் சிலர் பெயரெடுத்த உணவகங்களின் மேஜைகளைத் தங்கள் பெயரில் பதிந்துவைத்து, அதிக விலைக்கு மற்றவர்களுக்கு விற்றார்கள். உணவகத்தின் சம்மதமின்றி இணையதளங்கள் இப்படி விற்பதைத் தடை செய்யும் சட்டத்தில் 2024 டிசம்பரில் அந்த மாநில ஆளுநர் கையொப்பமிட்டார். சோறும் அல்ல, குழம்பும் அல்ல. உட்காரும் உரிமையே கள்ளச்சந்தைக்கு வந்துவிட்டது! கூழுக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றவனை நாம் அறிவோம். இவர்கள் கூழுக்கு முன்னால் உட்காரும் இடத்தை விற்றார்கள்.

நம் சபையில் திடப்படுத்தல் பெற்ற ஒரு தம்பி பெங்களூருவில் பெரிய உணவகம் ஒன்றில் வேலை செய்கிறார். பதிவேட்டைப் பார்த்து வருகிறவர்களை மேஜைக்கு அழைத்துச் செல்வது அவருடைய பணி. கானாவூர்க் கலியாணத்தில் பந்திவிசாரிப்புக்காரன் ஒருவன் வருகிறானே, ஏறக்குறைய அந்த உத்தியோகம். விடுமுறைக்கு வந்திருந்தபோது நெடுநேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தைச் சமாளிப்பது கடினமே அல்ல என்றார். வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்கள்தான் அவருக்குப் பாரம். ஒரே இரவுக்கு மூன்று உணவகங்களில் இடம் பதிந்துவிட்டு, கடைசி நேரத்தில் மனம் எங்கே போகிறதோ அங்கே போகிறவர்கள் உண்டாம். மற்ற இரண்டு இடங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அதனால் இப்போது சில உணவகங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிறகு அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்கின்றன.

ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, பன்னிரண்டு பேருக்கென்று ஒரு குடும்பம் பதிந்திருந்தது. நான்கு மேஜைகளை இணைத்துப் போட்டார்கள். பிறந்தநாள் என்று சொல்லியிருந்தபடியால் மேஜையைச் சிறிது அலங்கரித்தும் வைத்தார்கள். சமையலறையில் பன்னிரண்டு பேருக்குக் காய் நறுக்கியாயிற்று. எட்டேகால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று. அழைத்துப் பார்த்தால் கைபேசி அணைக்கப்பட்டிருக்கிறது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில், பதிவு செய்யாமல் வந்த முதியவரும் அவர் மனைவியும் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்கள். மேலாளரின் அனுமதி பெற்று அந்தத் தம்பி அவர்களை உள்ளே அழைத்துவந்து, வேறு மேஜை காலியில்லாமையால், அந்த நீண்ட மேஜையின் தலைமாட்டிலேயே உட்காரவைத்தார். முதியவர் தயங்கி, “இவ்வளவு பெரிய இடம் எங்கள் இரண்டு பேருக்கா தம்பி?” என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

பிரியமானவர்களே, அன்று இரவு நான் லூக்கா 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஆனாலும் அந்த வீட்டு எஜமானுடைய கோபம் அன்று எனக்குக் கூடுதலாக விளங்கியது. அக்காலத்தில் விருந்துக்கு இரண்டு அழைப்பு உண்டு. முதல் அழைப்பு நாளைச் சொல்லும். வருவோர் சம்மதம் சொல்வார்கள். எத்தனை பேர் என்று தெரிந்த பின்புதான் ஆடா, கன்றா என்று வீட்டுக்காரன் முடிவுசெய்வான். அடித்த இறைச்சியை மறுநாளைக்கு வைத்திருக்க அன்று வழியில்லை. எல்லாம் ஆயத்தமானபோது வேலைக்காரன் போய் இரண்டாம் முறை அழைப்பான். எஸ்தரின் சரித்திரத்திலும், விருந்துக்கு முன்னமே அழைக்கப்பட்டிருந்த ஆமானை அழைத்துப்போக நேரம் வந்தபோது ராஜாவின் பிரதானிகள் வருவதைக் காண்கிறோம். நம் கிராமங்களில் இது இன்றும் அழியவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த வீட்டுக்கு, விருந்து நாளன்று ஒரு பையன் ஓடிவந்து, “இலை போட்டாயிற்று, வாருங்கள்” என்று வாசலில் நின்று கூப்பிடுவான்.

ஆகையால் உவமையில் வருகிற அந்த மூவரும் அழைப்பை மறுத்தவர்கள் அல்லர். ஒப்புக்கொண்டு, இலை போட்ட பின்பு வராதவர்கள். ஒருவன் நிலம் வாங்கினான், ஒருவன் ஐந்து ஏர்மாடு வாங்கினான், ஒருவன் பெண் கொண்டான். மூன்றும் நல்ல காரியங்கள். ஆனால் பார்க்காமல் எவன் நிலம் வாங்குவான்? ஓட்டிப் பார்க்காமல் எவன் மாடு வாங்குவான்? போகமாட்டேன் என்பதற்குப் பதிலாகச் சொன்ன சொற்கள் அவை. அவனுடைய அடுப்பில் வெந்துகொண்டிருந்ததைப் பற்றி மூவரில் ஒருவனுக்கும் கவலையில்லை. முன்பதிவு என்பது சமைக்கிறவனுக்கு நாம் கொடுக்கும் வாக்கு. அதை மீறினால் நஷ்டம் அவனுக்கு மட்டுமல்ல. நம் பெயர் எழுதியிருந்ததாலேயே வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும்தான்.

இதுவரை நான் சொன்னதில் பதிவேட்டை வைத்திருப்பவர்களுக்குச் சாதகமே அதிகம். இனிச் சொல்லப்போவது வேறு.

இன்ன நாளில், இன்ன நேரத்தில் வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்? தன் நாள் தன் கையில் உள்ளவனால் முடியும். மாதச் சம்பளமும் வார விடுமுறையும் உள்ளவர் அடுத்த ஞாயிறு மதியம் எங்கே இருப்பார் என்று இன்றே சொல்லலாம். கட்டட வேலைக்குப் போகிறவர் நாளைக் காலை மேஸ்திரி கூப்பிடுவாரா என்பதையே அறியார். நம் சபையில் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், விடுதிகளில் அறை துப்புரவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குக் கூட்டம் வந்தால் அவர்களுக்கு வேலை, கூட்டம் போனால் ஓய்வு. அவர்களுடைய நாட்காட்டியை ஊருக்கு வருகிறவர்கள் எழுதுகிறார்கள்.

கொரிந்து சபையில் நடந்ததும் இதுவே. வேலையிலிருந்து தாமதமாக வந்தவர்கள் பசியோடு நிற்க, முந்தி வந்தவர்கள் உண்டு முடித்திருந்தார்கள் என்பதே பவுலின் கடிந்துகொள்ளுதலுக்குப் பின்னால் உள்ள நிலைமை என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். ரோமர் வீட்டின் போஜன அறையில் மூன்று திண்டுகள். ஒவ்வொன்றிலும் மூவராக ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். அடிமைகளும் கூலிக்காரரும் அந்தி சாய்ந்து வந்து சேரும்போது அந்த ஒன்பது இடங்களும் போயிருக்கும். வந்த எவரையும் யாரும் துரத்தவில்லை. ஓய்வுள்ளவர்கள் முந்திக்கொண்டார்கள், அதுவே மற்றவர்களை வெளியே நிறுத்தப் போதுமாயிருந்தது.

கர்த்தருடைய பந்தியிலும் பெயர் கொடுக்கும் முறை இருந்ததை மூத்தோர் அறிவீர்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், திருவிருந்தில் பங்குபெற விரும்புவோர் முந்தின நாளுக்குள்ளாவது குருவானவருக்குத் தங்கள் பெயரை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. லுத்தரன் சபைகளிலும் இந்த வழக்கம் இருந்தது. ஆத்துமாவை ஆயத்தப்படுத்தவே அது ஏற்பட்டது. இடம் பிடிப்பதற்கு அல்ல. நல்ல முறைதான். ஆனால் பெயரே எழுதாமல் இடம் பிடிக்கப்பட்டிருந்த இன்னொரு பதிவேட்டையும் நம் திருச்சபை வைத்திருந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில், தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக்கு ஒரு பக்கமாக ஆலயத்தில் உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் முதலில் ஒரு சாதியார், அவர்களுக்குப் பிறகே மற்றவர்கள். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், இந்த வேற்றுமை உடனே, முழுவதும் ஒழிய வேண்டுமென்று கடிதம் அனுப்பினார். அது வாசிக்கப்பட்டபோது பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பிறக்கும்போதே தங்களுக்கென்று வைக்கப்பட்டதாக எண்ணிய இடத்தை, இயேசுவின் பந்தியிலும் அவர்களால் விட முடியவில்லை. இதை வாசிக்கிற நாம், அந்தப் பதிவேடு அன்றோடு கிழிக்கப்பட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இப்பொழுது நம் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன்.

அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. பண்டிகையன்று ஆராதனைக்குப் பின் பொது விருந்து. சென்ற ஆண்டு முதன்முறையாக டோக்கன் கொடுத்தோம். சோறு வீணாகக்கூடாது, பற்றாமலும் போகக்கூடாது என்பதே நோக்கம். அது சரியான நோக்கம். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நம் ஆண்டவரே, நூறு நூறு பேராகவும் ஐம்பது ஐம்பது பேராகவும் வரிசையாக அவர்களை உட்காரப்பண்ணினார் என்று மாற்கு எழுதுகிறார். மீந்த துணிக்கைகளும் சேர்க்கப்பட்டு, பன்னிரண்டு கூடை என்று எண்ணப்பட்டன. அற்புதம் செய்கிறவருக்கே எண்ணிக்கை வேண்டியிருந்தால், கடன் வாங்கிய அண்டாவில் சமைக்கிற நமக்கு வேண்டாமா? (சாம்பாரைக் குறித்து எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதினால் பெண்கள் ஐக்கியம் என்னை மன்னிக்காது.)

ஆனால் நடந்தது என்ன? 350 டோக்கன் போயிற்று. அவற்றில் 70க்கு ஆள் வரவில்லை. அதே வேளையில் வாசலில் நின்ற பிள்ளைகள், தங்களுக்குச் சொல்லப்பட்டபடி, டோக்கன் இல்லாதவர்களை ஓரமாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் இளநீர் விற்கும் நம் சபைச் சகோதரி ஒருவர் அப்படி நிறுத்தப்பட்டு, சிறிது நேரம் நின்று பார்த்து, பிறகு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். சில வாரங்கள் கழித்துத்தான் அது எனக்குத் தெரியவந்தது. பார்க்கப் போனபோது அவர் வருத்தமாகக்கூடப் பேசவில்லை. “டோக்கன் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமிங்க ஐயா. நான் எங்கே கோயிலுக்கு வர?” என்று மட்டும் சொன்னார்.

அவர் திரும்பிப் போன அந்த நேரத்தில், உள்ளே எழுபது இலைகள் விரிக்கப்படாமல் கட்டாகக் கிடந்தன. பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதை நெடுக யார் யாரோ முகம் தெரியாதவர்களுக்கு அன்னதானம் வழங்குகிறார்கள். நீட்டிய கையில் தட்டு வைக்கப்படுகிறது. நீ யார், பெயர் கொடுத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. இங்கிருந்து வெகுதொலைவில்லாத வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை எரிகிறது. வருகிறவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று அங்கே பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட மண்ணில், நம் சபைச் சகோதரி நம் வாசலிலிருந்து பசியோடு திரும்பியிருக்கிறார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்த ஆண்டைக் குறித்து நிர்வாகக் குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. டோக்கனுக்கு 50 ரூபாய் வாங்கி, விருந்துக்கு வந்தவுடன் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஒன்று. பெங்களூருத் தம்பியின் உணவகத்தில் பலித்த முறைதான். ஆனால் நான்கு பேருள்ள வீட்டுக்கு அது 200 ரூபாய். எல்லா வீட்டிலும் அந்தப் பணம் ஒரு வாரம் சும்மா கிடக்கும் பணமல்ல என்பதால் நான் சம்மதிக்கவில்லை. நன்கொடை கொடுத்தவர்களுக்கு முதல் பந்தியில் விரிப்பு போட்ட மேஜை ஒதுக்கலாம் என்பது மற்றொன்று. மின்னுகிற வஸ்திரம் தரித்தவனுக்கு நல்ல இடம் காட்டுவதைப் பற்றி யாக்கோபு எழுதியதைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்தேன். யோசனை கொடுத்தவரே சிரித்துக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் நல்ல மனிதர். நன்கொடையாளர் மனம் குளிர வேண்டுமென்று நினைத்தாரே தவிர வேறில்லை.

ஆகவே குழு தீர்மானித்தபடி நடக்கப்போவது இதுதான். டோக்கன் உண்டு. அடுத்த மூன்று ஞாயிறும் ஆராதனைக்குப் பின் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம். ஞாயிறு வர இயலாதவர்களுக்காக வார நாட்களில் மாலை ஏழு முதல் எட்டரை வரை போதகர் இல்லத் திண்ணையில் பதிவேடு இருக்கும். தொலைபேசியில் சொன்னாலும் எழுதிக்கொள்வோம். பெயர் கொடுத்துவிட்டு வரமுடியாமல் போகிறவர்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிலம் வாங்கியதையும் மாடு வாங்கியதையும் நான் கேட்கமாட்டேன்.

பெயர் கொடுத்தவர்களுக்கு மேலாக ஒவ்வொரு பந்தியிலும் இருபது இலை, யார் பெயருக்கும் எழுதப்படாமல், கூடுதலாகப் போடப்படும். அவை கடைசி வரிசையில் அல்ல, வாசலுக்கு நேரே முதல் வரிசையில் இருக்கும். இரண்டு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கென்று நான்காம் பந்தி ஒன்றும் சேர்த்திருக்கிறோம். அதில் பரிமாற வாலிபர் ஐக்கியத்திலிருந்து பத்துப் பேர் தேவை. வாசலில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு, உள்ளே வருகிறவர்களிடம் டோக்கன் இருக்கிறதா என்று கேட்க வேண்டாமென்றும், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்கும்படியும் சொல்லியிருக்கிறோம்.

இளநீர் விற்கும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்ற வாரம் போய், இந்த ஆண்டு கட்டாயம் வரவேண்டுமென்று அழைத்தேன். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் வருகிறேன் என்றார். அன்று மதியம் இரண்டு மணி நேரம் கிரிவலப் பாதையில் உட்கார்ந்து இளநீர் சீவத் தெரிந்தவர்கள் நம் சபையில் யாராவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.